ஓசூர் கம்பெனிகளின் பங்குகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. போன வருடம் பங்கு வாங்கி வைக்கும் டீமேட் கணக்கு தொடங்கினேன். ராத்திரி கடை சாத்திய பிறகு யூடியூபில் பங்குச்சந்தை வீடியோ பார்க்கிறேன். ஒருவர் வாங்கச் சொல்லும் ஷேரை அடுத்தவர் விற்கச் சொல்கிறார். அதனால் ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் ஆலை உள்ள கம்பெனிகளை மட்டும் வாங்கலாம் என்றிருக்கிறேன். தம்பி மகன் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பதால் உள்விவரமும் கிடைக்கும். இது சரியா? ஆண்டறிக்கை படிக்கச் சொல்கிறார்கள். முந்நூறு பக்க ஆங்கிலம், நான் பிளஸ் டூ. டெலிகிராமில் பணம் வாங்கிக்கொண்டு டிப்ஸ் தரும் குழுவில் சேரச் சொல்லி நண்பர் வற்புறுத்துகிறார். சேரலாமா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லதுதான். ஆனால் ஆலையைத் தெரிந்துவைத்திருந்தால் கம்பெனியைத் தெரிந்ததாகிவிடாது. டைட்டனை ஓசூரில் இன்றும் ‘வாட்ச் கம்பெனி’ என்றுதான் சொல்வார்கள். அதன் ஆண்டறிக்கையில் எந்தப் பிரிவிலிருந்து எவ்வளவு வருமானம் என்ற கணக்கைப் பாருங்கள். பெரும்பகுதி நகையிலிருந்து வருகிறது, கடிகாரத்தின் பங்கு சிறியது. ஆகவே அந்தப் பங்கை வாங்குகிறவர் தங்கத்தைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. நகை வாங்குவோருக்குச் சந்தோஷம். ஆனால் பழைய வரியில் வாங்கி வைத்திருந்த தங்கத்தின் மதிப்பு இறங்கியதில் டைட்டனின் செப்டம்பர் காலாண்டு லாபம் அடிவாங்கியது. இன்னொன்று, டைட்டனில் டாடா குழுமத்தைவிட அதிகப் பங்கு தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவிடம் இருக்கிறது. பங்குதாரர் விவரத்தைத் திறந்தால் தெரிந்துவிடும்.

போச்சம்பள்ளியில் ஆலை வைத்து மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் ஒரு பங்கு 76 ரூபாய்க்கு ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்தது. அதே மாதம் 150 ரூபாயைத் தாண்டி, அக்டோபர் கடைசியில் 76-க்கும் கீழே போனது. 2023-24-இல் 1,500 கோடிக்கு மேல் நஷ்டம் என்று ஐபிஓ ஆவணத்திலேயே எழுதியிருந்தது. ஆலை பெரிது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை என்பதெல்லாம் உண்மைதான். அந்த ஆவணத்தைப் படித்துவிட்டு முடிவெடுத்திருந்தால் போதும். ஓசூர் பக்கம் ஆலை வைத்திருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸோ சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. அதை நினைத்துக்கொண்டு வேறு டாடா பங்கை வாங்கிவிடாதீர்கள்.

முந்நூறு பக்கத்தையும் நீங்கள் படிக்க வேண்டாம். பிஎஸ்இ, என்எஸ்இ ஆகிய பங்குச்சந்தைகளின் தளங்களில் கம்பெனியின் பெயரைப் போட்டால் ஆண்டறிக்கை, காலாண்டு முடிவு, பங்குதாரர் விவரம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். முதலில் ஆடிட்டர் அறிக்கைக்குப் போங்கள். கணக்கு சரி என்று நேராகச் சொல்கிறாரா, ‘இது நீங்கலாக’ என்று இழுக்கிறாரா பாருங்கள். இழுத்தால் அந்தப் பத்தியை மட்டும் போனில் மொழிபெயர்த்துப் படியுங்கள்.

அடுத்தது பணப்புழக்க அறிக்கை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்றிவிட்டு நோட்டில் விற்பனை எழுதிவிடலாம், பணம் கைக்கு வருவது வேறு கதை. கம்பெனியிலும் அப்படித்தான். லாபம் வருடாவருடம் ஏறுகிறது, ஆனால் தொழிலிலிருந்து வந்த பணம் என்ற வரியில் மைனஸ் நிற்கிறது, வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறது என்றால் விலகி நில்லுங்கள். ஐந்து வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் ஏமாற்றும். பிறகு, புரமோட்டர் (கம்பெனியை நடத்தும் முக்கிய உரிமையாளர்) தன் பங்கில் எவ்வளவு அடமானம் வைத்திருக்கிறார் என்று காலாண்டுதோறும் பாருங்கள். அது கூடிக்கொண்டே போனால் எனக்குத் தூக்கம் வராது.

முதலீட்டாளர்களுடன் நிர்வாகம் பேசியதன் எழுத்து வடிவத்தையும் பெரிய கம்பெனிகள் பங்குச்சந்தைத் தளத்தில் போடுகின்றன. இரண்டு வருடத்துக்கு முந்தையதை எடுத்து, அன்று சொன்னதை இன்று செய்திருக்கிறார்களா என்று ஒப்பிடுங்கள். எந்த வீடியோவைவிடவும் இது எனக்குப் பிடிக்கும்.

தம்பி மகன் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெளியே அறிவிக்காத, விலையைப் பாதிக்கும் தகவலை வைத்து வாங்கினாலோ விற்றாலோ, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிப்படி குற்றம். சொன்னவரும் மாட்டுவார். அந்தப் பையனின் வேலையோடு விளையாடாதீர்கள்.

டெலிகிராம் குழுவில் சேரவே சேராதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு பங்கு பரிந்துரைப்பவர் செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் எண் ஐஎன்எச் என்றும் ஆலோசகர் எண் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். எண்ணைக் கேட்டு வாங்கி, செபி தளத்தில் அதே பெயரில் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். பதிவு பெற்றவரும்கூட நிச்சய லாபம் என்று வாக்குத் தரக் கூடாது. அங்கே ஆப்ஷன் (பிற்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) டிப்ஸ் வந்தால் இன்னும் மோசம். 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ என்ற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று செபியே கணக்கெடுத்துச் சொன்னது. உங்கள் நண்பர் ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், கட்டிய ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பதிவு பெற்றவர் மீது செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் தரலாம். பதிவே இல்லாத மோசடிப் பேர்வழி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்