கோபுரத்தடி வீட்டுக்கு லைன் ஏன் வரவில்லை?

கேள்வி: அண்ணே வணக்கம். நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் 30 மீட்டர் கோபுரம் வைத்து, சுற்று வட்டாரத்துக்கு வயர்லெஸ் இணையம் கொடுக்கிறோம். மூன்று செக்டார் (ஆளுக்கொரு பக்கமாக அலை வீசும் ஆண்டெனாக்கள்), எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ். 3, 4 கிலோமீட்டரில் இருக்கிற வீடுகள் அருமையாக ஓடுகின்றன. கோபுரத்திலிருந்து 45 மீட்டரில் இருக்கிற பெரியம்மா வீட்டில்தான் லைன் அறுந்து அறுந்து போகிறது. டிஷ்ஷில் சிக்னல் மைனஸ் 51 காட்டுகிறது, ஆனால் வேகம் 3 எம்பியைத் தாண்டவில்லை. மழை பெய்தால் இன்னும் மோசம். 150 மீட்டருக்குள் நாலு லயத்து வீடுகளும் லைன் கேட்கின்றன. பவரைக் கூட்டலாமா, செக்டாரைக் கீழே சாய்க்கலாமா? திரையின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, இரண்டையுமே செய்ய வேண்டாம். பவரைக் கூட்டினால் பெரியம்மாவுக்கு ஒன்றும் மாறாது. செக்டாரைச் சாய்த்தால் தூரத்து வீடுகளை இழப்பீர்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆண்டெனா 30 மீட்டரில், பெரியம்மா வீட்டு டிஷ் 4 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 26 மீட்டர் இறக்கம். 3 கிலோமீட்டரில் உள்ள வீட்டுக்கு அது அரை டிகிரிச் சாய்வுதான். 45 மீட்டரில் இருக்கிற வீட்டுக்கோ 30 டிகிரி. அதிக கெயின் உள்ள, அதாவது அலையைக் குவித்து வீசும் செக்டார் ஆண்டெனா பக்கவாட்டில் 90 டிகிரி விரிந்தாலும் மேலும் கீழும் சுமார் 6, 8 டிகிரிக்குள்தான் வீசும். பெரியம்மா வீடு அந்த வீச்சுக்கு வெகு கீழே கிடக்கிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம், ஆகவே மைனஸ் 51 நல்ல சிக்னல்தானே என்று நினைப்பீர்கள். இந்தத் தூரத்தில் இல்லை. 45 மீட்டரையும் நாலரைக் கிலோமீட்டரையும் ஒப்பிட்டால் தூரம் நூறு மடங்கு, வந்துசேரும் பவர் பத்தாயிரம் மடங்கு, அதாவது சிக்னலை அளக்கும் டெசிபல் (டிபி) கணக்கில் 40 டிபி வித்தியாசம். ஆண்டெனாவும் டிஷ்ஷும் நேருக்கு நேர் பார்த்திருந்தால் மைனஸ் 25 பக்கத்தில் காட்டியிருக்க வேண்டும். வந்தது மைனஸ் 51 என்றால் நடுவில் ஏறக்குறைய 25 டிபி காணாமல் போயிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் தெரிகிறது, எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். சிக்னலுக்குக் கீழே இரண்டு செயின்களும், அதாவது டிஷ் அலையை வாங்கும் இரண்டு வழிகளும், தனித்தனியாக இருக்கின்றன. ஒன்றில் மைனஸ் 51, மற்றதில் மைனஸ் 66. ஒரு வழிக்கான நெடுக்காக அதிரும் அலையும் மற்றதற்கான கிடையாக அதிரும் அலையும் ஆண்டெனாவின் முன்பக்கத்தில் சமமாக வரும், அடிப்பக்கத்தில் அப்படி வராது. 15 டிபி இடைவெளி இருந்தால் இரண்டு செயின் இருந்தும் ஒன்றுதான் வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரிய எழுத்தில் தெரியும் ஒரே எண்ணை நம்பாமல் இந்த இரண்டையும், ஏறும் வேகம், இறங்கும் வேகம் இரண்டின் மாடுலேஷனையும் (அலையில் தகவலை ஏற்றும் முறை) பாருங்கள்.

அப்புறம் மழை. 45 மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை தடுப்பதே இல்லை. அங்கே நேரடி அலை பலவீனமாக இருப்பதால், எதிரே உள்ள தகரக் கூரையிலும் செம்பனை ஓலையிலும் பட்டுத் திரும்பும் அலைகளை வைத்துத்தான் அந்த டிஷ் பிழைக்கிறது. ஓலை நனைந்தாலும் காற்றில் ஆடினாலும் அந்த எதிரொலிப்பு மாறிவிடும், லைன் அறுந்துவிடும்.

இதைப் பெரியம்மா வீட்டுப் பிரச்சினை மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஒரே செக்டாரில் எல்லாரும் நேரத்தைப் பங்கு போட்டுத்தான் பேசுகிறார்கள். மற்றவர்களின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் ஓடுகிற வீடு, அதே காணொளியைப் பார்க்கப் பத்து மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரியம்மாவின் பேரன் மாலையில் விளையாட உட்கார்ந்தால் 4 கிலோமீட்டருக்கு அப்பால் மாதம் தவறாமல் காசு கட்டுகிறவர் தவிக்கிறார்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உடனடி வைத்தியமாக அந்தப் பெரிய டிஷ்ஷைக் கழற்றுங்கள். அதன் பார்வை மிகக் குறுகலானது. மட்டமாகத் திருப்பி வைத்திருந்தால் கோபுர உச்சி அதற்குத் தெரியவே தெரியாது. அகலமாகப் பார்க்கும் சின்னப் பேனல் பெட்டி ஒன்றை வாங்கி, 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். முன்பக்கச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்திலும் வைத்துப் பாருங்கள். பத்து மீட்டர் தள்ளினால் கோணம் ஏறக்குறைய 5 டிகிரி மாறும், ஆண்டெனாவின் அலை ஏறக்குறைய வராத கோணத்திலிருந்து வெளியே வர அதுவே போதலாம். இரண்டு செயினும் 3, 4 டிபிக்குள் வந்துவிட்டால் இடம் சரி. மைனஸ் 45க்கும் 60க்கும் நடுவில் நிற்பது நல்லது. மைனஸ் 35க்கு மேலே ஏறினால் ரிசீவர் திணறும். அப்போது பெட்டியின் பவரைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது கத்துகிற கத்தலில் கோபுரத்துக்குத் தூரத்து வீடுகளின் குரல் கேட்காது.

லயத்து வீடுகளுக்கு இது போதாது. கோபுரத்திலேயே 12 மீட்டர் உயரத்தில், செக்டார்களுக்கு நன்றாகக் கீழே, அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன ஏபி (வீட்டுப் பெட்டிகள் வந்து இணையும் வயர்லெஸ் கருவி) மாட்டுங்கள். அங்கிருந்து பெரியம்மா வீட்டுக்கே 10 டிகிரிச் சாய்வுதான், லயத்துக்கு இன்னும் குறைவு. அகல ஆண்டெனா, இருப்பதிலேயே குறைந்த பவர், செக்டார்கள் பயன்படுத்தாத சேனல். முதிர்ந்த செம்பனை அந்த உயரத்துக்கு வளர்ந்துவிடும், ஆகவே ஓலை மறைக்காத பக்கமாகப் பார்த்து மாட்டுங்கள்.

பெரியம்மா வீட்டுக்கு மட்டும் நான் வேறு வழி சொல்வேன்: ஃபைபர் இழுத்துவிடுங்கள். நடுவில் இருப்பது உங்கள் நிலம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பிறர் நிலமோ சாலையோ குறுக்கிட்டால் அனுமதி வாங்க வேண்டும். செம்புக் கேபிளும் 100 மீட்டர் வரை ஓடும்தான், ஆனால் நம் ஊர் இடிக்குக் கோபுரத்தையும் ஒரு வீட்டையும் செம்பால் கட்டிப்போடுவது ஆபத்து. இடி கோபுரத்தில் இறங்கினால் அந்தக் கம்பி வழியே வீட்டு ரவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் வரும், கையை வைத்திருக்கிறவருக்கும் வரும். ஃபைபரில் மின்சாரம் போகாது. ஒன்றைக் கவனியுங்கள்: வெளியே வீடு வரை இழுக்கிற ஃபைபர் கேபிளில் (ட்ராப் கேபிள்) தாங்குவதற்காக எஃகுக் கம்பி சேர்த்திருப்பார்கள். அது இருந்தால் நாம் தப்பிக்க நினைத்த இடி அதிலேயே ஏறி வரும். உலோகமே இல்லாத கேபிளைக் கேட்டு வாங்குங்கள். செம்பனைக் காட்டில் எலி அதிகம், கேபிளைக் கடித்துவிடும். பைப்புக்குள் போட்டுப் புதைத்துவிடுங்கள். பாலிக் பூலாவில் கோபுரத்தடியில் இருக்கும் ஒரு ஹோம்ஸ்டேக்கு நான் இப்படித்தான் செய்து கொடுத்தேன். இடி மாதங்களில்கூட அவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை.

கேள்வி: ஜெலுத்தோங்கில் எங்கள் கடைவீட்டுக்குப் பக்கத்துக் கட்டட மாடியில் இப்படி ஒரு வயர்லெஸ் ஆண்டெனா வைத்திருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆபத்தா?

பதில்: அம்மா, இந்தக் கவலையை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது, ஆகவே எண்ணோடு சொல்கிறேன். இந்த அலைவரிசைக்குப் பொதுமக்களுக்கான அனைத்துலக வரம்பு சதுர மீட்டருக்கு 10 வாட். நம் நாட்டுத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் கட்டாயத் தரமும் அந்த அனைத்துலக வழிகாட்டியை ஒட்டியதுதான். ஆண்டெனா உங்கள் வீட்டையே குறிபார்த்து 4 வாட் அளவுக்கு வீசுகிறது என்று வைத்தாலும், 40 மீட்டரில் வந்துசேருவது சதுர மீட்டருக்கு 0.0002 வாட். வரம்பில் 50,000-இல் ஒரு பங்கு. மேலே தம்பிக்குச் சொன்ன கணக்குப்படி, ஆண்டெனாவுக்கு அடியில் இருப்பவருக்கு இதைவிடவும் குறைவாகத்தான் வரும். கைப்பேசிக் கம்பெனிகளின் கோபுரங்கள் இதைவிடப் பல மடங்கு பவரில் ஓடுகின்றன, அவையும் அந்த வரம்புக்குள்தான் இருக்க வேண்டும். குழந்தையை நிம்மதியாகத் தூங்க வையுங்கள். மாடியில் ஏறி அந்த ஆண்டெனாவுக்கு நேர் முன்னால் யாரும் போய் நிற்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தாமானில் பத்து வீட்டுக்கு வயர்லெஸ் லைன் விற்க உரிமம் வேண்டுமா?

பதில்: வேண்டும். 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிற தொழில் இது. கோபுரம் வைப்பதற்கு ஒரு வகை உரிமம், இணையச் சேவை விற்பதற்கு இன்னொரு வகை. உரிமம் உள்ள ஒருவரோடு சேர்ந்து ஆரம்பிப்பது சிறியவர்களுக்குச் சுலபம். பெட்டிகளை வாங்கும்போது சிரிம் சான்று பெற்றவையா என்று பார்த்து வாங்குங்கள்.