டெப் பழசாகிவிட்டது, சங்கிலியில் கூட்டி எடுக்கலாமா?

கேள்வி (சுருக்கம்): கொக்குவிலில் வீட்டிலிருந்தே சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை சூமில் வகுப்பு. 2020 மார்கழியில் வாங்கிய சாம்சுங் கலக்ஸி டெப் ஏ7 இப்போது இழுபடுகிறது. பற்றரி ஒரு மணித்தியாலம் தாங்காது. போன மாதம் இரண்டு வகுப்பு நடுவில் நின்றுவிட்டது. பேனாவோடு வரும் புதிய டெப் 120,000 ரூபா என்கிறார்கள். அடகில் இருக்கும் என் இரண்டு பவுண் சங்கிலிக்கு, தங்க விலை ஏறியிருப்பதால் கூட்டித் தரலாம் என்று வங்கியில் சொன்னார்கள். இப்போது 180,000 நிற்கிறது, 300,000 ஆக்கலாமாம். தங்கச்சியும் "அக்கா, நீங்க எப்பிடியும் புதுசு வாங்கத்தானே வேணும், பழசை என்ர மகனுக்குத் தாங்கோவன்" என்று நாளும் கேட்கிறாள். செலவு போக மாதம் 11,000 மிஞ்சும். வாங்கவா, பொறுக்கவா?

பதில்: பொறுங்கள் சகோதரி. ஆனால் எனக்குக் கவலை டெப்பைப் பற்றியது அல்ல. உங்கள் நீண்ட கடிதத்தில் டெப்பின் பழுதைப் பற்றி நாலு வரிதான் இருந்தது. தங்கச்சி கேட்பதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. சங்கிலி அடகுக்குப் போன கதை, யாருக்கோ நடந்ததுபோல ஒரு மூலையில் கிடந்தது. நான் அந்த மூலையைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

2020 இல் இந்த டெப்பை வாங்க 60,000 எடுத்தீர்கள். 2022 இல் வீட்டுச் செலவுக்கு முட்டுப்பட்டபோது அதே சங்கிலியில் கூட்டி 110,000 ஆக்கினீர்கள். அந்த வருஷம் யார்தான் முட்டுப்படவில்லை, அதில் நான் குறை சொல்லமாட்டேன். 2024 இல் தங்கச்சியின் கணவர் வெளிநாடு போக இன்னும் 70,000. ஒவ்வொரு மார்கழியும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்திருக்கிறீர்கள். ஐந்து வருஷத்தில் அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

கணக்கைப் பருமட்டாகப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அடகுத் துண்டில் இப்போது ஆண்டுக்கு 14 வீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வருஷத்துக்கும் அதையே வைத்தால் முதல் இரண்டு வருஷத்துக்கு 16,800, அடுத்த இரண்டுக்கு 30,800, கடைசி வருஷத்துக்கு 25,200. மொத்தம் 72,800. முதன்முதலில் எடுத்த காசைவிட வட்டியாகப் போனது கூட. அதுவும் அடகு வட்டி ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு வழிகாட்டும் தன் கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. அப்படி ஒரு காலம் திரும்ப வந்தால், நீங்கள் திருப்பி வைக்கும் அன்றைய வட்டிதான் உங்கள் தலையில் விழும்.

இப்போது 300,000 ஆக்கினால் வருஷ வட்டி 42,000. மாதத்துக்கு 3,500. புதிய டெப்பின் பங்கு மட்டும் வருஷம் 16,800, மூன்று வருஷத்தில் 50,400. 120,000 டெப்புக்கு 170,000 அளவு கணக்கு வரும். அந்த நேரம் அதுவும் பழசாகியிருக்கும், அசல் 120,000 அப்படியே நிற்கும். தங்கம் ஏறினால் உங்களுக்கு லாபம் என்று நினைக்காதீர்கள். நகை கையில் இருந்தால்தான் அது லாபம். துண்டு கையில் இருக்கும்போது விலை ஏறுவது, இன்னும் கடன் எடுக்க ஒரு கதவு திறப்பது மட்டும்தான். மீட்க வழியில்லாமல் ஏலத்துக்குப் போன தாலிக்கொடிகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கதைகள் எல்லாம் "கொஞ்சம் கூட்டி எடுப்பம்" என்றுதான் தொடங்கின.

சரி, டெப்புக்கு வருவோம். உங்கள் டெப்பில் 3 ஜிபி ராம். அது அண்ட்ரொயிட் 10 உடன் வந்து 12 வரை போய் நின்றுவிட்டது. புதிய பாதுகாப்புத் திருத்தங்களை இனி எதிர்பார்க்க வேண்டாம். அதனால் வங்கிச் செயலிகளை அதிலிருந்து இன்றே அழித்துவிட்டு, காசு வேலைகளைத் தொலைபேசியில் செய்யுங்கள். சூம் வகுப்புக்கும் கடந்தகாலத் தாள்களைத் திறந்து காட்டவும் அது இன்னும் போதும். பதிவுசெய்த வகுப்புகளை உள்ளேயே சேர்த்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றை ஒரு மைக்ரோ எஸ்டி அட்டைக்கு மாற்றுங்கள், அந்த டெப்பில் அதற்கு இடம் இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கி, தேவையான நாலு செயலியை மட்டும் போடுங்கள். பற்றரி மாற்ற 12,000 கேட்டார்கள் என்று எழுதினீர்கள். மாற்றுங்கள், அது 120,000 இல் பத்தில் ஒன்று. ஆனால் டெப்பின் பின்பக்கம் உப்பியிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜில் போட வேண்டாம்.

இவ்வளவும் செய்தபிறகும் மாதத்தில் இரண்டு, மூன்று வகுப்பு நின்றால், அப்போது வாங்கத்தான் வேண்டும், அது உங்கள் தொழில். பேனாவும் செயற்கை நுண்ணறிவும் என்று விளம்பரம் வரும் டெப் பத்தாம் வகுப்புச் சமன்பாட்டுக்குத் தேவையில்லை, சாதாரணமானதே போதும். கையில் காசு சேராவிட்டால் கடனட்டைத் தவணையில் எடுங்கள். தவணைக்கு முடியும் மாதம் ஒன்று இருக்கிறது, நீங்கள் செய்யும் அடகுக்கு அது இல்லை. "வட்டி 0 வீதம்" என்பார்கள். கட்டணம் எவ்வளவு, கையில் காசு தந்தால் விலை எவ்வளவு என்று இரண்டையும் கேட்டபிறகு கையெழுத்து வையுங்கள். விலையை மூன்று தவணையாகக் கட்டச் சொல்லும் செயலிகளின் பக்கம் இப்போது போகவே வேண்டாம்.

மிஞ்சும் 11,000 இல் 8,000 மாதாமாதம் அடகுக்குப் போகட்டும். ஒரு வருஷத்தில் 180,000 ஏறக்குறைய 104,000 ஆகும். இரண்டு வருஷம் இரண்டு, மூன்று மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வரும். மற்ற 3,000 முதலில் பற்றரிக்கு, பிறகு டெப்புக்கென்று தனியாக.

தங்கச்சி விஷயம் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். அவள் மகனும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. சனிக்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் டெப்பிலேயே படிக்கட்டும், கணிதமும் நீங்களே சொல்லிக் கொடுங்கள். அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அவள் கணவர் அங்கே வேலைக்குப் போய்விட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த 70,000 ஐ மாதம் 3,000 வீதம் தரச்சொல்லி வாய்திறந்து கேளுங்கள். "சங்கிலியை மீட்கப் போறன், அதுக்குத்தான்" என்று சொன்னால் போதும். அது சேர்ந்தால் மாதம் 11,000 கட்டலாம், ஒன்றரை வருஷத்தில் முடிந்துவிடும்.

இந்த மார்கழித் தவணைக்கு முன் ஒரு நாள் துண்டோடு வங்கிக்குப் போங்கள். பகுதி பகுதியாகக் கட்ட அவர்களுடைய விதி என்ன, கட்டும் காசு அசலில் எப்படிக் கழியும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கூட்டித் தரலாம் என்று திரும்பவும் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதல் 8,000 ஐ அன்றே கட்டுங்கள்.