நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கிறேன், மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மூன்று ஏக்கர் தோட்டம், நான்கு மாடுகள். கணவர் தோட்டமே கதியென்று இருப்பவர், வாய் திறக்க மாட்டார். ஒரே மகன், 18 வயது. இரண்டாவது முறையாக நீட் தேர்வுக்குப் படிக்கிறான்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவன், நீட்டில் கோட்டை விட்டுவிட்டான். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட என் ஏழு பவுன் நகையை அடகு வைத்தோம். என் அம்மா எனக்குப் போட்ட காசுமாலையும் அதோடு போயிற்று. அதைப் பற்றி ஒரு நாளும் அவனிடம் குறை சொன்னதில்லை. கொழுந்தனார் மகள் அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்துவிட்டாள். நாங்களோ கடன் வாங்கித் தனியார் பள்ளியில் படிக்க வைத்தோம். அந்த வழியும் அடைபட்டது. மாமியார் தினமும் காலையில் இதைச் சொல்லித்தான் காபி குடிக்கிறார்.

மகன் மாலை பஸ்ஸில் வந்து இறங்கினால் நேராக அறைக்குள் போய்விடுகிறான். தட்டில் போட்டதில் பாதியை வைத்துவிடுகிறான். இரவு இரண்டு மணிக்கும் அறையில் போன் வெளிச்சம் தெரிகிறது. கடைசியாக வைத்த இரண்டு மாதிரித் தேர்வுகளிலும் மதிப்பெண் சரிந்துவிட்டது. அப்பாவின் கை வெடிப்பைப் பார்த்தாவது படிக்கக் கூடாதா என்றேன். பதில் இல்லை. ஏழு பவுனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுகிறோம் அம்மா.

ஒரே ஆறுதல், ஐந்து வருடமாக மொட்டை மாடியில் பன்னிரண்டு புறாக்களை வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தான். போன வாரம் அவனாகவே கூண்டைக் கழுவித் துடைத்து, தீனி டப்பாவோடு எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டான். இனியாவது படிப்பில் புத்தி போகும் என்று நிம்மதியாக இருக்கிறது. அன்றிரவு அபூர்வமாக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து, 'நான் இல்லையென்றால் நகையை எப்போதோ திருப்பியிருப்பீர்கள், இல்லையா அம்மா?' என்றான். பேச்சைப் பார், போய்ப் படி என்று அனுப்பிவிட்டேன். அது கிடக்கட்டும். தேர்வுக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கிறது. போனை வாங்கி வைத்துவிடலாமா? அவன் கவனத்தைப் படிப்பில் திருப்ப என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்


அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலையே, அதில் எழுதியிருந்த எண்ணுக்கு அழைத்தேன். அன்று உங்களிடம் பேசியதை உங்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். வேறு வீடுகளிலும் இதைப் படிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள்.

போன், மதிப்பெண், மாமியார் எல்லாம் இருக்கட்டும். எனக்குப் புறாக்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஐந்து வருடம் தன் கையால் தீனி வைத்த உயிர்களை, கூண்டைக் கழுவி, தீனியோடு சேர்த்து ஒரு பிள்ளை கைமாற்றிவிடுகிறான். தான் இல்லாவிட்டாலும் அவை பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைத்துச் செய்ததுபோல் இருக்கிறது எனக்கு. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே இரவில் அவன் அடுப்படியில் கேட்ட கேள்வியையும் சேர்த்துப் பார்த்தபின், படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. பிரியமானதைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, தன்னைப் பாரமாகச் சொல்வது, தூக்கமும் சாப்பாடும் பேச்சும் குறைவது: தற்கொலை எண்ணத்தின் எச்சரிக்கைகள் என்று மனநல மருத்துவர்கள் சொல்பவை இவை. அத்தனையும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. நீங்கள் அவற்றில் ஒன்றை ஆறுதல் என்றும், மற்றதை அடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

அவனிடம் நேராகக் கேளுங்கள் என்றேன். கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகாதா என்று பயந்தீர்கள். ஆகாது. உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஏற்கெனவே தனியாகச் சுமந்துகொண்டிருப்பவனுக்கு, ஒருவர் கேட்டுவிட்டாரே என்பது பாதிச் சுமை இறங்கியதுபோல் இருக்கும். அன்றிரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா கண்ணு?' என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொற்களைச் சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வெகுநேரம் அழுதான் என்று மறுநாள் சொன்னீர்கள்.

அழுதுவிட்டான், இனிச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். உங்கள் கணவரும் கூட வரட்டும். அவர் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நடுராத்திரியில் பயம் வந்தால் 14416 என்ற எண் இருக்கிறது, டெலிமானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது திகைத்துப்போனீர்கள். இன்றே அதை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கிவரும் ஸ்நேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் விவசாயிகளின் மருந்துகளை ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டிவைக்கும் முறையைச் செய்து பார்த்தது, பலன் இருந்தது. உயிரை விடும் வேகம் பல நேரங்களில் சற்றுப் பொழுதில் தணிந்துவிடுவது. அந்தப் பொழுதில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது, அவன் தனியாகவும் இருக்கக் கூடாது.

இனி, உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். நகையைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை என்கிறீர்கள். ஆனால் எனக்கு எழுதிய கடிதத்தில் ஏழு பவுன், காசுமாலை, வட்டி என்று சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறீர்கள். முன்பின் அறியாத எனக்கே அதன் எடை தெரிந்துவிட்டது. கூடவே வளரும் பிள்ளைக்குத் தெரியாதா? அவன் கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கில் தன்னைக் கடன் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறான். நீங்கள் பட்ட பாடு உண்மை. அதற்கு ஈடாக அவன் ஒரு மருத்துவ இடத்தைக் கொண்டுவந்து தர வேண்டும் என்று ஆகிவிட்டது பாருங்கள், அங்கேதான் தவறு. நகையை மீட்பது பெரியவர்களின் வேலை. 'அது என் கவலை, உன்னுடையது இல்லை' என்று உங்கள் வாயால் அவன் கேட்க வேண்டும், ஒரு முறை அல்ல, பல முறை.

பொதுத் தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டில் அது தினமும் காலையில் வாசிக்கப்படுகிறது. மாமியாரை நிறுத்துவது கடினம்தான், ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். தோல்வியைவிட, தோற்றால் வேறு வழியில்லை என்ற எண்ணம்தான் பிள்ளைகளைத் தின்கிறது. பிளஸ் டூவில் தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரிக்குப் போகலாம் என்ற ஏற்பாட்டின் அருமை அதில்தான் இருக்கிறது. உங்கள் மகன் முன்னால் ஒரு கதவுதான் இருப்பதாக வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு அவன் தேர்வு எழுதுவதா வேண்டாமா என்பதை மருத்துவரோடு பேசி அவன் முடிவு செய்யட்டும். எழுதாமல் போனாலும் அவன் உங்கள் பிள்ளைதான்.

போனைப் பிடுங்காதீர்கள். நண்பர்களிடம் பேச அவனுக்கு இப்போது இருப்பது அது ஒன்றுதான்.

புறாக்களைத் திரும்ப வாங்கிவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம், அவனாகக் கேட்கட்டும். ஒரு மாலையில் அவனோடு எதிர்வீட்டு மாடிக்குப் போங்கள். அவற்றுக்கெல்லாம் அவன் பெயர் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், என்னென்ன பெயர் என்று கேட்டேன். உங்களுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. அவனைக் கேளுங்கள்.