தினமும் பால் குடித்தே ஆக வேண்டுமா? தயிர், மோர், நெய் எல்லாம் எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி கேட்ட சகோதரி வீட்டு நிலவரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பால் குடிக்காவிட்டால் எலும்பு தேய்ந்துவிடும் என்கிறார் மாமியார். பால் மனிதனுக்கான உணவே இல்லை என்று எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்கிறார் கணவர். இருவருக்கும் நடுவில் இவர் தினமும் ஒன்றரை லிட்டர் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

நான் மருத்துவரும் இல்லை, உணவியல் படித்தவனும் இல்லை. தாராபுரம் பக்கத்தில் எருமை வைத்திருந்த வீட்டில் பிறந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஊர் பால் சொசைட்டியில் ஐந்து வருடம் டெஸ்டராக இருந்தேன். அந்த அனுபவமும், பிறகு என் அம்மாவுக்கு வந்த ஒரு தொல்லையும்தான் இந்தப் பதிலை எழுத எனக்கிருக்கும் தகுதி.

முதலில் நேரடிப் பதில். பால் குடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் நிறுத்தினால் கால்சியம், நல்ல புரதம், பி12 வைட்டமின் ஆகியவற்றுக்கு வேறு வழி பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். முட்டையும் மீனும் தின்கிற வீட்டுக்கு இது பெரிய விஷயம் இல்லை. சுத்த சைவமாக இருந்துகொண்டு பாலையும் விட்டால் பி12 மாத்திரை இல்லாமல் காலம் தள்ள முடியாது. கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது.

அளவு என்று கேட்டால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கிலோகலோரி உணவுக்கு ஒரு நாளைக்குப் பாலோ தயிரோ 300 மில்லி என்று இருக்கிறது. அதாவது காலையில் ஒரு தம்ளர் பால், மதியம் ஒரு கிண்ணம் தயிர், அவ்வளவுதான். அதே தட்டில் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் முந்தையதைக் கேட்டு ஆளுக்கு அரை லிட்டர் வாங்குவோம், பிந்தையது காதில் விழாது.

300 மில்லி பாலில் தோராயமாக 360 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் தேவை என்பது 2020-இல் திருத்தப்பட்ட இந்தியக் கணக்கு. ஆக, நாள் முழுக்கப் பாலைச் சரியாகக் குடித்தாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. மிச்சம் வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் எள்ளை யாரும் நூறு கிராம் தின்பதில்லை. முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியும் இந்தப் பட்டியலில் சேரும். கேழ்வரகில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடலுக்கு முழுதாக விடாது. மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தால் அந்தப் பிடி தளரும். புளித்த கூழைக் கரைத்து அதில் மோரை ஊற்றிக் குடித்த எங்கள் அப்பச்சிக்கு ஃபைட்டேட் என்ற சொல் தெரியாது; எண்பது வயதிலும் களையெடுக்கப் போனார்.

மாமியாருக்கு இது போதும். இனி அந்த ஒன்றரை லிட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு வேலை செய்தேன். நாங்கள் நான்கு பேர்: நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அம்மா. தினம் ஒரு லிட்டர் பால். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியை எடுத்துவைத்து, அன்றைக்கு யாருக்கு எவ்வளவு பால் போகிறது என்று அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். நான்கு காபி வழியாக எனக்கு 360 மில்லி. மகளின் குளிர்ந்த காபிக்கு 200. மனைவி நின்றபடியே குடிக்கும் ஒரு அரை டீக்கு 60. தயிருக்கு உறை ஊற்றியது 300. அம்மாவுக்குப் பூஜ்யம். மிச்சம் ஏட்டிலும் பாத்திரத்தின் அடியிலும் போயிற்று. அந்தத் தயிரிலும் மகளும் நானும் சாப்பிட்டு எழுந்த பிறகு மனைவிக்கு வந்தது, கரண்டியால் வழித்தெடுத்ததுதான்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அந்த வயதில் இருக்கும் என் மனைவிக்குத்தான் வீட்டில் இவ்வளவு குறைவாகப் போகிறது. சகோதரி, உங்கள் வீட்டு ஒன்றரை லிட்டரில் உங்கள் வயிற்றுக்குள் போவது எவ்வளவு என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். பால் நல்லதா கெட்டதா என்று மாமியாரும் கணவரும் சண்டை போடுவதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டிய கேள்வி அதுதான்.

என் 360 மில்லியும் உத்தமமான பால் இல்லை. ஒரு காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நான்கு காபிக்கு எட்டு ஸ்பூன்; ஏறக்குறைய 40 கிராம். இப்படிச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் குடிக்கிறேன் என்ற பெயரில் நான் சர்க்கரையைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் கலக்கிக் கொடுக்கும் சாக்லேட் மாவுகளும் இதே கதைதான். டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை எத்தனை கிராம் என்று ஒரு முறை படித்தால் போதும்.

இப்போது பாக்கெட் நிறம். நீலமா, பச்சையா, ஆரஞ்சா என்று பலரும் கேட்கிறார்கள். நீலம் தண்ணீர்ப் பால், ஆரஞ்சுதான் சத்து என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. சொசைட்டியில் நாங்கள் பாலைச் சோதிப்பதைப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. கழுத்து மெலிந்த ஒரு கண்ணாடிக் குழாய். பியூட்டிரோமீட்டர் என்று பெயர். அதில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், கடைசியாக 1 மில்லி அமைல் ஆல்கஹால். அடைப்பானைத் திருகித் துணியில் சுற்றிக் குலுக்கினால் கை சுடும். பால் கறுத்து டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதைச் சுழற்றும் எந்திரத்தில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றி எடுத்தால், மெலிந்த கழுத்தில் மட்டும் தேன் நிறத்தில் கொழுப்பு தனியாக ஏறி நிற்கும். கோட்டை எண்ணி ஆறரை, ஏழு என்று நோட்டில் எழுதுவோம். கீழே கறுப்பாகக் கிடப்பதில்தான் புரதமும் கால்சியமும் இருந்தன. பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டர் மட்டும் போதாதா என்று கேட்கலாம். தண்ணீர் சேர்த்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஏட்டை வழித்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும், மீட்டர் ஊமையாக மிதக்கும். எங்கள் ஊரில் இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள்.

இதில் தெரிய வேண்டியது, கொழுப்பு ஒரு தனிக் கணக்கு என்பது. ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. கால்சியமும் புரதமும் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 300 மில்லிக்கு நீலத்தில் 9 கிராம் கொழுப்பு, ஆரஞ்சில் 18. அந்த ஒன்பது கிராம் வித்தியாசம் 80 கலோரி. வளரும் பிள்ளைக்கும் மெலிந்தவருக்கும் ஆரஞ்சு பொருந்தும். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் என்னைப் போன்றவனுக்கு நீலம் ஏராளம். கொழுப்போடு போகும் வைட்டமின் ஏ குறையும் என்பது உண்மை. அதனால்தான் சில பாக்கெட்டுகளில் ஏ, டி இரண்டையும் சேர்த்துப் பிளஸ் எஃப் குறி போடுகிறார்கள். நீலப் பாக்கெட்டில் வரும் டோன்டு பால் கலப்படமும் இல்லை. எருமைப்பாலின் கொழுப்பைக் கொழுப்பெடுத்த பால்பவுடரும் தண்ணீரும் சேர்த்துக் குறைத்து, ஏழைகளும் வாங்கும் விலைக்குக் கொண்டுவர 1940-களில் பம்பாயில் தாரா குரோடி செய்த ஏற்பாடு அது. 1963-இல் அமுல் குரியனோடும் திரிபுவன்தாஸ் படேலோடும் சேர்ந்து மகசேசே விருது வாங்கிய மனிதர் அவர்.

நெய்யைப் பற்றி ஒரு வரி போதும்: அதை எண்ணெய்க் கணக்கில் எழுதுங்கள். கால்சியமோ புரதமோ அதில் இல்லை. பருப்புச் சோற்றுக்கு ஒரு டீஸ்பூன் விடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, அன்றைக்குத் தாளிக்கிற எண்ணெயில் அதைக் கழித்துக்கொண்டால் சரி. நெய் எவ்வளவு சேர்த்தாலும் உடம்பில் ஒட்டாது என்பவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான் பார்க்க விரும்புகிறேன்.

கணவர் சொல்வதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் தாண்டிய பின் உலகில் பலருக்கும் குறைந்துவிடுகிறது. வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இது அதிகம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடமுடா என்கிறது, ஓடவைக்கிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. என் தம்பி அப்படித்தான். ஆனால் பெரும்பாலோருக்கு ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஒரு தம்ளர் பால் வரை, உணவோடு சேர்த்துக் குடித்தால் தாங்கும். தயிர் அதைவிட எளிது. உறை மோரில் இருக்கும் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகிறது, வயிற்றுக்குள் போன பிறகும் மிச்சத்தை உடைக்க உதவுகிறது. சோற்றின் கடைசியில் தயிர் ஊற்றிக்கொள்ளும் நம் பழக்கம் நம் வயிறு பார்த்து அமைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. தம்ளரில் பாலைக் குடிப்பதைவிடச் சோற்றில் தயிரைப் பிசைவது நம் ஊருக்குப் பொருந்தும். தம்பி இன்றைக்கும் பால் தொடுவதில்லை, தயிர் இல்லாமல் எழுந்திருப்பதும் இல்லை. பால் ஒவ்வாமை மட்டும் வேறு விஷயம். தடிப்பும் மூச்சுத்திணறலும் வருபவர்கள் தயிரிலும் கை வைக்கக்கூடாது.

மோரில் ஏமாறாதீர்கள். ஒரு கரண்டித் தயிரை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்தது தாகத்துக்கு நல்லது, பால் கணக்கில் அதற்குப் பெரிய மதிப்பில்லை. கடை மசாலா மோரில் உப்பு வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் என் வீட்டுக் கதையே இருக்கிறது. அக்காள் பேரனுக்கு இரண்டரை வயது. சோறு என்றால் வாயை மூடிக்கொள்வான்; பால் புட்டி என்றால் ஓடி வருவான். நாளுக்கு ஒரு லிட்டர். கொழுகொழுவென்று இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. திருவிழாவுக்கு வந்தபோது உள்ளங்கை வெளுத்திருப்பதை ஒரு செவிலியர்தான் கவனித்துச் சொன்னார். ரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. இருக்கும் வயிற்றையும் அது அடைத்துக்கொள்கிறது, மற்ற உணவின் இரும்பு உடலில் சேர்வதையும் தடுக்கிறது. பாலை அரை லிட்டருக்குள் இறக்கி, புட்டியை ஒளித்துவைத்து, மூன்று நாள் அழவிட்டு, பிறகுதான் பருப்புச் சோறு உள்ளே போயிற்று. இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்கும் கர்ப்பிணிகளுக்கும், பால் இரும்பைத் தடுக்கும் என்ற இதையே சொல்வேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்கும் யோசனையே வேண்டாம்.

கடைசியாக அம்மாவின் பூஜ்யம். பால் கறந்து விற்ற வீடு எங்களுடையது. எருமை கறப்பது முழுவதும் சொசைட்டிக்குப் போகும். வீட்டுக்கு நிற்பது மோர். "விற்கிற பாலைக் குடித்துப் பழகினால் கடன் யார் அடைப்பது கண்ணு?" என்பார் அம்மா. ஊரை விட்டு எங்களோடு வந்த பிறகும் பால் சளி பிடிக்கும் என்று சொல்லி வரக்காப்பிதான். பத்து வருடத்துக்கு முன் ஒரு வேண்டுதலுக்காகக் கறியும் முட்டையும் விட்டார். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை வேறு. அது நாள்பட நாள்படப் பி12-ஐக் குறைக்கக்கூடிய மருந்து. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்க்கரை இருந்தால் அப்படித்தான் என்று நாங்களே வைத்தியம் பேசிவிட்டோம். ஒரு நாள் செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமலே தெருமுனை வரை போய்விட்டார். பரிசோதித்தால், நரம்புக்கு வேண்டிய பி12 தரைமட்டம்.

அதைச் சரிசெய்தது ஊசி. தயிர் சரிசெய்தது என்று எழுதினால் பொய். ஊசிக்குப் பிறகு மீண்டும் இறங்காமல் இருக்க மாத்திரையும், இரண்டு வேளை தயிரும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். சிறுநீரகக் கோளாறு இருந்திருந்தால் பால் அளவையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அம்மாவுக்கு அது இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பாத்திரத்தில் தயிர் உறைகிறது. சின்னப் பாத்திரம் அம்மாவுக்கும் மனைவிக்கும். சாப்பாட்டின் ஆரம்பத்திலேயே அது இருவர் தட்டருகே போய்விட வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். என் காபி இரண்டாகக் குறைந்திருக்கிறது, சர்க்கரை அரை ஸ்பூனுக்கு வந்திருக்கிறது. நேற்று இரவு பெரிய பாத்திரம் காலியாகிவிட, யாரும் பார்க்கவில்லை என்று சின்னதில் ஒரு கரண்டி எடுத்தேன். காலையில் தயிரின் ஆடை கிழிந்திருப்பதைப் பார்த்து அம்மா, "பூனை வந்ததா கண்ணு?" என்று என்னிடமே கேட்டார்.