நாலு வயது மகள் ஓயாமல் 'ஏன், எதுக்கு' என்று கேட்கிறாள். எரிச்சல்படாமல் எப்படிப் பதில் சொல்வது?

"வீட்டில் நச்சரிக்கிறாள், ஸ்கூலில் மிஸ் கேட்டால்கூட வாய் திறப்பதில்லையாம், மாமியாரோ பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்கிறார்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்களும் வேலைக்குப் போகிறவர் என்று நினைக்கிறேன். ஏழு மணிக்கு வந்து குக்கரை வைக்கும்போதுதான் எல்லாக் கேள்வியும் வரும். வீட்டில் ஒரு மாதிரி, ஸ்கூலில் ஒரு மாதிரி இருக்கிறாளே என்று பயப்பட வேண்டாம். பார்பரா டிசர்ட், மார்ட்டின் ஹ்யூஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஏறக்குறைய நாலு வயதுள்ள 30 பெண் குழந்தைகளின் பேச்சை வீட்டிலும் நர்சரியிலும் பதிவு செய்து 1984-இல் வெளியிட்டார்கள். வீட்டில் அம்மாவிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி, நர்சரியில் மணிக்கு 2. உங்கள் மகள் உங்களிடம்தான் கேட்கிறாள் என்றால், கேட்டால் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிற இடம் நீங்கள்தான்.

என் பையன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான், வாயே திறப்பதில்லை, அது வேறு கதை. நாலு வயதில் அவனும் இதே ரகம். பல்லி ஏன் கீழே விழவில்லை என்று ஒரு வாரம் உயிரை எடுத்தான். "அது அப்படித்தான்" என்று வீட்டுக்காரர் சொன்னார். மறுநாளும் அதே கேள்வி. அப்புறம் நான் போனில் தேடிப் பார்த்தேன். பல்லியின் பாதத்தில் பசை எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. டோக்கே என்ற பெரிய பல்லிக்கு ஒரு பாதத்தில் மட்டும் சுமார் 5 லட்சம் இழைகளாம். அவற்றின் நுனியும் சுவரும் மூலக்கூறு அளவில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. ஒற்றை இழையின் பிடியை விஞ்ஞானிகள் அளந்து சொன்னதே 2000-இல்தான். இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. "கால்ல ரொம்பக் குட்டிக் குட்டி முடி இருக்கு, அது சுவத்தப் பிடிச்சுக்குது" என்றேன். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் இல்ல?" என்றான். கேள்வி நிற்கவில்லைதான், ஆனால் பழைய கேள்வி போய்விட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: காரணம் கிடைத்த பிள்ளைகள் ஒத்துக்கொள்கிறார்கள், அல்லது அடுத்ததைக் கேட்கிறார்கள். மழுப்பினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறார்கள், இல்லை தாங்களே ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். நாம் அடம் என்று நினைப்பதில் பாதி இதுதான் என்பது என் அனுபவம்.

பல்லி கேள்விக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். எனக்கு நிஜமான பரீட்சை வைத்தது என் மாமனார் இறந்த அன்று. சிவகங்கைப் பக்கம் கிராமம். ஐஸ் பெட்டியைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். பையன் என் இடுப்பில் இருந்தபடி, கண்ணாடியைப் பார்த்து, நன்றாக எல்லோருக்கும் கேட்கும்படி, "ஐயாவுக்குக் குளிராதா?" என்றான்.

அழுகை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர், "ஐயா தூங்குறாருப்பா, சத்தம் போடக் கூடாது" என்றார். அவன் விடவில்லை. "அப்ப இவங்க ஏன் எந்திரி எந்திரின்னு கத்துறாங்க?" நியாயமான கேள்வி. ஒப்பாரியில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்! நாலைந்து பேர் ஒரே நேரத்தில், "பிள்ளையத் தூக்கிட்டுப் போம்மா" என்றார்கள்.

பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துச் சொன்னேன். "ஐயா தூங்கலப்பா. செத்துப் போயிட்டாரு. இனிமே மூச்சு விட மாட்டாரு. அவருக்குக் குளிராது, வலிக்காது, பசிக்காது."

"அப்ப பெட்டி எதுக்கு?"

"சித்தப்பா ஊர்ல இருந்து வரணும்ல. அதுவரைக்கும் உடம்பு கெட்டுப் போகாம இருக்க."

"ஃப்ரிட்ஜ்ல பால் வைக்கிற மாதிரியா?"

"ஆமா."

அவ்வளவுதான். தலையாட்டிவிட்டு ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டான். நான் பயந்த மாதிரி அழவில்லை, ராத்திரி அலறவும் இல்லை. செத்தவரைத் தூங்குகிறார் என்று சொன்னால் சில பிள்ளைகள் தூங்கவே பயப்படும் என்று படித்திருந்தேன், அதனால்தான் அந்த வார்த்தையைத் தவிர்த்தேன். ஆனால் "ஐயா எப்ப வருவாரு?" என்று அதற்குப் பிறகு பல மாதம் கேட்டான். நான் தப்பாகச் சொன்னதால் இல்லை, வயது அப்படி. போனவர் திரும்ப மாட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் முழுசாகப் பிடிபடும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை அதே குரலில் சொன்னேன். கதையை மாற்றினால்தான் குழப்பம்.

சாவு வீட்டுக்குச் சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதே தப்பு என்று யாராவது கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். மாமனார் செத்ததற்கு மருமகள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மதுரையில் இருந்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

பேச்சு வரத்தான் செய்தது. "பெரிய மனுசனப் பாலோட சேத்துப் பேசிட்டா" என்று பந்தி வரைக்கும் போனது. கருமாதி முடியும் மட்டும் எனக்கு அதுதான் பெயர். சொன்னது பையன், நான் "ஆமா"தான் சொன்னேன் என்று யாரிடம் போய் விளக்குவது? இவ்வளவு மரியாதை பார்த்த அதே ஆட்கள், ஈமக்காரியம் முடிந்த மறுநாளே திண்ணையில் உட்கார்ந்து, பட்டா யார் பேரில் இருக்கிறது, கிணற்றுப் பங்கு யாருக்கு என்று என் வீட்டுக்காரரைக் குடைந்தார்கள். அந்தக் கேள்விகளை யாரும் நச்சரிப்பு என்று சொல்லவில்லை. வரப்புப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. சர்வேயர் வருகிறார், அளக்கிறார், போகிறார். அதை எழுத ஆரம்பித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்காது, விடுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் பொறுமைசாலியும் இல்லை. குக்கர் நேரத்தில், "இப்ப அம்மாவால யோசிக்க முடியாது, சாப்பிடும்போது கேளு" என்று சொல்வேன். தெரியாவிட்டால் தெரியாது என்பேன். சாமி கண்ணைக் குத்தும், பூச்சாண்டி பிடிப்பான் என்று மட்டும் சொன்னதில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், பிறகு தனியாகக் கூப்பிட்டு, "அப்பத்தா சும்மா சொன்னாங்க" என்பேன். அதற்கு என்ன பேச்சு வாங்கினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

விளக்கை அணைத்த பிறகு வருகிற கேள்விகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் பாதி தூங்காமல் இருப்பதற்கான வழி. "காலைல சொல்றேன்" என்று முடித்துவிடுங்கள். காலையில் ஞாபகமாகக் கேட்டால் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள், வேன் போய்விடும்.