ஃபாண்டன்ட் பிசுபிசுக்குதா? கேளுங்க, சொல்றேன்

கோவையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன், பன்னிரண்டு வருடமாக. கேக் மேல் போர்வை மாதிரி போர்த்துகிற சர்க்கரை மாவு இருக்கிறதே, ஃபாண்டன்ட், அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று நேற்றுச் சொல்லி வைத்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி. சரி, வந்த வரிசையிலேயே போகிறேன்.

பொள்ளாச்சி: ஏனுங்க அக்கா, போன ஜூலையில் தங்கச்சி பையன் பிறந்தநாளுக்கு மூணு கிலோ கேக் செய்தேன். ராத்திரியே ஃபாண்டன்ட் போர்த்தி ஃபிரிட்ஜில் வைத்தாச்சு. காலையில் எடுத்து மேஜையில் வைத்தால் அரை மணியில் வேர்த்து, தொட்டால் விரலோடு வருது. நான் வாங்கின ஃபாண்டன்ட் மட்டமானதுங்களா?

ஃபாண்டன்ட் மேல் பழி போடாதீங்க அம்மிணி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட் மேல் ஈரம் பூக்கிறது இல்லையா, அதுதான் இது. பாக்கெட்டைத் துடைத்துவிடலாம். ஃபாண்டன்ட்டில் பெரும்பங்கு சர்க்கரை, அது அந்த ஈரத்தில் கரைந்து பாகாகிவிடுகிறது. அதுவும் உங்கள் ஊரில் ஜூலை! பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று சும்மா வராது, ஈரத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்து, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, மேலே கிளிங் ராப் சுற்றி வையுங்கள். எடுத்த பிறகு பெட்டியைத் திறக்கக் கூடாது. மூணு கிலோ கேக்குக்கு மூணு மணி நேரமாவது வெளியே அப்படியே இருக்கட்டும். வேர்க்கிறதெல்லாம் பெட்டிக்கு வேர்க்கட்டும்.

ஏற்கனவே வேர்த்துவிட்டதா? கை வைக்காதீங்க. ஏசி அறையிலோ, சற்றுத் தள்ளி வைத்த ஃபேன் காற்றிலோ விடுங்கள், தானே காயும். கொஞ்சம் மினுமினுப்பு மிஞ்சும், அவ்வளவுதான். சோள மாவைத் தூவினால் திட்டுத் திட்டாக வெள்ளை பிடிக்கும். துடைத்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். ஒரு வளைகாப்புக் கேக்கில் சிவப்பும் பச்சையுமாக ஃபாண்டன்ட் வளையல் அடுக்கியிருந்தேன். வேர்த்ததும் பதறிப்போய் டிஷ்யூவால் ஒற்றினேன். சிவப்பு இளகி, வெள்ளைப் போர்வை மேல் குங்குமம் கொட்டின மாதிரி இறங்கியது. டிஷ்யூ நூல் வேறு அங்கங்கே ஒட்டிக்கொண்டது. வளைகாப்புப் பெண்ணின் மாமியார் அதைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஈரோடு: ஃபிரிட்ஜே வேண்டாம் என்றால்? இங்கே ஏப்ரல் வெயிலில் தாங்குமா?

உள்ளே இருப்பதைப் பொறுத்தது. சாக்லேட்டும் கிரீமும் கலந்த கனாஷ் பூசியிருந்தால் நிழலான, குளிர்ச்சியான அறையில் ஒரு ராத்திரி தாராளமாக இருக்கும். டார்க் சாக்லேட் 2 பங்குக்கு கிரீம் 1 பங்கு, வெள்ளை சாக்லேட் என்றால் 3க்கு 1. சித்திரை வெயிலில் சாக்லேட்டை இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். உங்கள் ஊர் ஏப்ரலில் ஃபாண்டன்ட் ஒட்டுவதைவிடக் காய்ந்து யானைத் தோல் மாதிரி வெடிப்பதுதான் தொந்தரவு. வீட்டில் ஃபாண்டன்ட் பிசைகிறவர்கள் கிலோ ஐசிங் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் என்று கணக்கு வைத்திருப்பீர்கள். வெயிலில் அதே அளவு சரி. மழை மாதத்தில் பாதியாகக் குறையுங்கள். கிளிசரினுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு.

திருப்பூர்: கஸ்டமர் விப்பிங் கிரீம்தான் கேட்கிறாங்க. அது மேலேயே ஃபாண்டன்ட் போர்த்தலாமா?

வேண்டாம். கிரீமில் இருக்கும் தண்ணீர் கீழிருந்து ஏறும். உள் அடுக்குக்குக் கிரீம், வெளிப்பூச்சுக்குக் கனாஷ் என்று பேசி முடியுங்கள். ஃபிரிட்ஜ் கட்டாயம், அதனால் பெட்டியும் கட்டாயம்.

உடுமலை: பிசையும்போது கையில் ஒட்டுச்சு, சோள மாவு தூவினேன். மஞ்சளாகி நறநறன்னு ஆயிடுச்சு.

மில்லில் அரைத்த மக்காச்சோள மாவைத் தூவியிருக்கிறீர்கள். மக்காச்சோளக் காட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இப்படித்தான்! கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேளுங்கள், வெள்ளை வெளேரென்று இருக்கும். அதையும் மெல்லிய துணியில் முடிந்து ஒற்றி எடுத்தால் போதும். அப்புறமும் தளதளவென்று இருந்தால் அரைக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்ட்டை இறுக்கும் பசைப் பொடி) சேர்த்துப் பிசைந்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள்.

கோபி: வெள்ளைச் சர்க்கரையே வீட்டுக்குள் விடுவதில்லை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பொடித்து ஃபாண்டன்ட் செய்தால் என்ன?

கேக்குக்குள் போடுங்கள், மணமாக இருக்கும். போர்வைக்கு வேண்டாம். அதே சர்க்கரைதான் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது. பஞ்சாமிர்தம் பிசுபிசுவென்று இருந்தால் அழகு, கேக் அப்படி இருக்க முடியுமா?

கோபி மறுபடியும்: இது காரணமில்லைங்க அக்கா, கிண்டல். நாட்டுச் சர்க்கரை என்றாலே உங்களுக்கு இளப்பம்.

இளப்பமா? எங்கள் ஆத்தா வீட்டில் ஆலை ஆடினவர்கள்தான். ஐப்பசி மழையில் பானைக்குள் வெல்லம் கசிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்து டப்பாவில் வெள்ளைச் சர்க்கரை மிஞ்சி மிஞ்சிப் போனால் கட்டி தட்டும், கசியாது. காரணம் இதுதான்: மில் சர்க்கரை கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தை ஒட்டிப் போனால்தான் அது தானாகக் கரையத் தொடங்கும். நாட்டுச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்தே இருக்கும், கூடவே கொஞ்சம் ஈரமும். ஃப்ரக்டோஸ் 60 சொச்சத்திலேயே நீர்க்க ஆரம்பித்துவிடும். எல்லாம் கலந்து இருந்தால் அதற்கும் முன்பே.

பவானி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணுங்க. நீங்களும்தானே ஃபாண்டன்ட்டில் லிக்விட் குளுக்கோஸ் ஊற்றுகிறீர்கள்? அது மட்டும் ஈரம் இழுக்காதா?

நல்ல பிடி. இழுக்கும். அது இல்லாவிட்டால் ஃபாண்டன்ட் இழுத்த இழுப்புக்கு வராது, சர்க்கரை மணல் மாதிரி கட்டிவிடும். அதனால்தான் அளந்து ஊற்றுகிறோம், மழைக்குக் குறைக்கிறோம். நாட்டுச் சர்க்கரையில் அளவு நம் கையில் இல்லை. பாகு காய்ச்சினவர் கையில் இருக்கிறது.

கரூர்: அக்கா, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் வேர்க்குது. என்ன செய்ய?

முதல் பதில். பெட்டி.

சேலம்: கறுப்பு ஃபாண்டன்ட் மட்டும் எப்போதும் ஒட்டுது.

கறுப்பும் அடர் சிவப்பும் வர நிறையக் கலர் ஊற்றுகிறோம், அந்த ஈரம்தான் காரணம். தண்ணிக் கலரைத் தொடாதீர்கள். ஜெல் கலரோ பவுடர் கலரோ போட்டு, வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்தி, மூடி வைத்துவிடுங்கள். காலையில் நிறம் தானே ஏறியிருக்கும்.

நாமக்கல்: ஸ்பாஞ்ச் நடுவில் குழி விழுது, முட்டை எத்தனை போடணும்?

அது வேறு பஞ்சாயத்து தம்பி. இன்றைக்கு ஃபாண்டன்ட் மட்டும்.

கோபி: சரிங்க அக்கா. ஆனாலும் செய்து பார்க்காமல் நம்ப மாட்டேன்.

அதுதான் சரி. வெள்ளைச் சர்க்கரையில் ஒரு உருண்டை, நாட்டுச் சர்க்கரையில் ஒரு உருண்டை, அளவெல்லாம் ஒன்றாக. ஒரே தட்டில் வைத்து, மூடாமல் சமையலறையில் விடுங்கள், எறும்புக்குச் சுற்றித் தண்ணீர் கட்டி. காலையில் விரலால் தொட்டுப் பார்த்து இங்கே சொல்லுங்கள். நான் சொன்னது தப்பென்றால் ஒத்துக்கொள்கிறேன்.

தாராபுரம்: அக்கா, நேற்று ஃபிரிட்ஜில் வைத்த கேக்கை இப்போதுதான் எடுத்தேன்...

பொள்ளாச்சி அம்மிணி, இதற்கு நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

பொள்ளாச்சி: பெட்டியைத் திறந்துட்டீங்களா?

தாராபுரம்: எந்தப் பெட்டிங்க?