எம்டியு-இக்னோர் மருந்து அல்ல: சிசிஐஇ லேப் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிஸ்கோவின் சிசிஐஇ என்டர்பிரைஸ் சான்றிதழுக்கான லேப் (செய்முறைத் தேர்வு) பற்றியவை. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, எம்பிஎல்எஸ் ஆகிய நெட்வொர்க் நுட்பங்கள் மூன்றிலும் அடிப்படை தெரிந்தவர்களுக்காக இந்தப் பதில்கள்.

என்கோர் (லேபுக்கு முந்தைய தேர்வு) தேறிவிட்டேன். லேப் எழுத எவ்வளவு காலம் இருக்கிறது? – மதுரை வாசகர்

தேறிய நாளிலிருந்து 3 வருடம். ஆனால் கேட்ட தேதி பெங்களூருவில் கிடைத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். கட்டணமும் அதிகம். முழு 8 மணி நேர மாதிரித் தேர்வை வீட்டில் இரண்டு முறையாவது முடித்த பிறகு பணம் கட்டுங்கள்.

16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் போதுமா? – கோவை வாசகர்

ரூட்டிங், சுவிட்சிங், எம்பிஎல்எஸ் பயிற்சிக்குப் போதும். ஐஓஎல் (சிஸ்கோவின் இலகுவான மென்பொருள் ரூட்டர்) இமேஜ் ஒன்று 1 ஜிபி கூட எடுக்காது, 10 முதல் 12 ரூட்டர் வரை ஓட்டலாம். கேட்டலிஸ்ட் 8000வி என்ற பெரிய மென்பொருள் ரூட்டர் என்றால் ஒன்றுக்கே 4 ஜிபி போய்விடும். எஸ்டி-வேன் வந்ததும் கணக்கு மாறும்: அதன் நிர்வாக மென்பொருளான மேனேஜர் மட்டும் 16 ஜிபி கேட்கும், வசதியாக ஓட 32 வேண்டும். ஆகவே மொத்தம் 64 ஜிபி உள்ள பழைய சர்வர் ஒன்று பார்த்து வாங்குங்கள். எஸ்டி-ஆக்சஸுக்கான கேட்டலிஸ்ட் சென்டரை வீட்டில் ஓட்டும் ஆசை வேண்டாம், அதன் விர்ச்சுவல் பதிப்புக்கே 256 ஜிபி தேவை. அதற்கு வாடகை லேப்தான் வழி.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (பக்கத்து ரூட்டரோடு உறவு) எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே நின்றது. 'ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்' போட்டதும் உறவு முழுமையான ஃபுல் நிலை வந்துவிட்டது. இது சரிதானே? – சார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

சரியில்லை. எம்டியு என்பது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. இந்த ஒரு வரியை எல்லா நோய்க்கும் மருந்தாகப் போடுகிற பழக்கத்தை இந்தப் பகுதியில் எத்தனையோ முறை கண்டித்தாயிற்று. மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இது தேர்வில் மட்டுமல்ல, வேலையிலும் ஆளைக் கவிழ்க்கும்.

உங்கள் கடிதத்தில் உள்ள கான்ஃபிகையே எடுத்துக்கொள்வோம். ஐபிசெக் குறியாக்கத்தோடு ஜிஆர்இ டனல். ஒரு பக்கம் 'ஐபி எம்டியு 1400' போட்டிருக்கிறீர்கள். மறுபக்கம் கை வைக்கவில்லை, அதனால் அங்கே ஜிஆர்இ-யின் வழக்கமான 1476. டிபிடி (டேட்டாபேஸ் சுருக்கம்) பாக்கெட்டில் அனுப்புகிறவர் தன் எம்டியுவைச் சொல்வார். 1476 என்று வந்ததை 1400 பக்கம் ஏற்காமல் தள்ளிவிடும். 'டீபக் ஐபி ஓஎஸ்பிஎஃப் அட்ஜ்' ஓடவிட்டுப் பாருங்கள், நெய்பரின் எம்டியு பெரிது என்று 1400 பக்கத்தில் அச்சடித்த மாதிரி வரும். மறுபக்கத்தில் மட்டும் டீபக் பார்த்தால் அது தெரியாது. பலர் தவறவிடுவது இங்கேதான்.

எம்டியு-இக்னோர் செய்வது அந்தச் சோதனையை நிறுத்துவது மட்டும்தான். எம்டியு வித்தியாசம் அப்படியே இருக்கும். லேபில் உங்கள் டேட்டாபேஸில் பத்துப் பதினைந்து எல்எஸ்ஏ (ரூட் தகவல் பதிவு), எந்த பாக்கெட்டும் பெரிதாகாது, ஃபுல் வந்துவிடும். ஐந்நூறு எக்ஸ்டர்னல் ரூட் உள்ள நெட்வொர்க்கில் 1476 பக்கம் எல்எஸ் அப்டேட்டை நிரப்பி அனுப்பும். ஜிஆர்இ-க்கு 24 பைட், அதற்கு மேல் ஐபிசெக் தலைப்பு, எல்லாம் சேர்ந்து 1500-ஐத் தாண்டி ஃபிராக்மென்ட் ஆகும், அதாவது துண்டாகும். ஃபிராக்மென்ட்டை விடாத ஃபயர்வால் ஒன்று நடுவில் இருந்தால் அந்த அப்டேட் போய்ச் சேராது. 5 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்பி, ஏறத்தாழ 25 முறைக்குப் பிறகு, அதாவது 2 நிமிடத்தில், நெய்பர் விழும். மறுபடி எழும், மறுபடி விழும். சின்ன ஹலோ பாக்கெட் ஒழுங்காகப் போய்க்கொண்டே இருப்பதால் பார்க்கிறவருக்கு லைன் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

செய்ய வேண்டியது எளிது. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் டனல் 0' இரு பக்கமும் பார்த்து, இரண்டிலும் 'ஐபி எம்டியு 1400', 'ஐபி டிசிபி அட்ஜஸ்ட்-எம்எஸ்எஸ் 1360' போடுங்கள். பிறகு சைஸ் 1400, டிஎஃப்-பிட் வைத்து பிங் அடியுங்கள். எம்டியு இரு பக்கமும் ஒன்றாக இருந்தும் எக்ஸ்ஸ்டார்ட்டில் நின்றால் ஏசிஎல் (பாக்கெட்டை அனுமதிக்கும், தடுக்கும் பட்டியல்) பக்கம் போங்கள். ஈதர்நெட்டில் ஹலோ 224.0.0.5-க்குப் போகும், டிபிடி யூனிகாஸ்ட்டாகப் போகும். முன்னதை மட்டும் அனுமதித்த ஏசிஎல்லும் இதே இடத்தில்தான் நிறுத்தும்.

தேர்வில் இந்தக் கட்டளைக்கு ஒரே ஓர் இடம் உண்டு: 'எம்டியு மதிப்பை மாற்றக் கூடாது' என்று கேள்வியிலேயே நிபந்தனை இருந்தால். மற்ற இடத்தில் போடாதீர்கள். முதலில் ஷோ, பிறகு கான்ஃபிக்.

எல்லாம் சரியாகவே போட்டிருக்கிறேன், பிஜிபி வரமாட்டேன் என்கிறது. என்ன தவறு? – பெயர், ஊர் இல்லை

கான்ஃபிக் இல்லை, ஷோ அவுட்புட் இல்லை, ஐபிஜிபியா (ஒரே நெட்வொர்க்குக்குள்) ஈபிஜிபியா (வேறு நெட்வொர்க்கோடு) என்பதுகூட இல்லை. இப்படி எழுதினால் யாரும் உதவ முடியாது. லூப்பேக்கிலிருந்து (ரூட்டருக்குள் இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) பேசுவதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். நிலை ஐடில் என்றால் பெரும்பாலும் நெய்பர் முகவரிக்கு ரூட் இல்லை, ஈபிஜிபி என்றால் 'மல்டிஹாப்' விட்டுப்போயிருக்கும். ஆக்டிவ் என்றால் டிசிபி அமையவில்லை: 'அப்டேட்-சோர்ஸ்' விட்டுப்போயிருக்கும். நெய்பரின் 179-ம் போர்ட்டுக்கு லூப்பேக்கை சோர்ஸாக வைத்து டெல்நெட் செய்து பாருங்கள். ஓப்பன் வந்தால் டிசிபி சரி, அடுத்து ஏஎஸ் எண்ணைப் பாருங்கள். அடுத்த கடிதத்தில் 'ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ்' அவுட்புட் கட்டாயம் வேண்டும்.

டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) படித்தால் என்ன தப்பு? எல்லோரும் படிக்கிறார்களே. – சென்னை வாசகர்

தேர்வுக்கு முன் கேள்விகளின் ரகசியம் காக்கும் ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். மீறியது தெரிந்தால் சான்றிதழே பறிபோகும். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

எம்பிஎல்எஸ் விபிஎன்: பிஈ-க்கு பிஈ (சேவையாளரின் விளிம்பு ரூட்டர்கள்) பிங் போகிறது, விபிஎன்வி4 ரூட்டும் வருகிறது, சிஈ-க்கு சிஈ (வாடிக்கையாளர் ரூட்டர்கள்) பிங் போகவில்லை. – பெங்களூரு வாசகர்

கான்ஃபிக் முழுவதையும் இணைத்ததற்கு நன்றி. பிழை இரண்டாவது பிஈ-யின் லூப்பேக்கில் இருக்கிறது, மாஸ்க் /24. ஓஎஸ்பிஎஃப் லூப்பேக்கை வழக்கமாக /32 என்றே மற்றவர்களுக்குச் சொல்லும். ஆனால் அந்த பிஈ தன் டேபிளில் உள்ள /24-க்குத்தான் எல்டிபி லேபிள் கொடுக்கிறது. பக்கத்து பி ரூட்டர் (சேவையாளரின் உள் ரூட்டர்) /32-க்கு லேபிள் தேடுகிறது, கிடைக்கவில்லை. 'ஷோ எம்பிஎல்எஸ் ஃபார்வர்டிங்-டேபிள்' எடுத்தால் அந்த வரியில் 'நோ லேபிள்' நிற்கும். விபிஎன் பாக்கெட் அங்கேயே சாகும். பிஈ-க்கு பிஈ பிங் லேபிள் இல்லாமலும் வெறும் ஐபியாகப் போய்ச் சேரும், அதனால்தான் ஏமாந்தீர்கள். மாஸ்கை /32 ஆக்குங்கள். மாற்றக் கூடாது என்றால் லூப்பேக்கில் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயிண்ட்-டு-பாயிண்ட்'.

ஈஐஜிஆர்பி-யையும் ஓஎஸ்பிஎஃப்பையும் இரண்டு ரூட்டரில் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தேன் (ஒன்றின் ரூட்டை மற்றொன்றுக்குள் போட்டேன்). சில ரூட் மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது. – திருச்சி வாசகர்

'சில' எவை என்று பார்த்தீர்களா? ஈஐஜிஆர்பி எக்ஸ்டர்னலாகத்தான் (வெளியிலிருந்து ஈஐஜிஆர்பிக்குள் வந்தவை) இருக்கும். இன்டர்னலின் டிஸ்டன்ஸ் (நம்பகத்தன்மை எண், குறைவானதே வெல்லும்) 90, அதற்கு ஆபத்தில்லை. எக்ஸ்டர்னல் 170. முதல் ரூட்டர் அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் போட்டதும் இரண்டாவது ரூட்டர் 110-இல் அதே ரூட்டைக் கேட்டு, ஈஐஜிஆர்பி வழியை விட்டுவிட்டு, திரும்ப ஈஐஜிஆர்பிக்குள் தள்ளும். இரு ரூட்டரிலும், இரு திசையிலும் டேக் போடுங்கள். அந்த டேக்கோடு வருவது திரும்பிப் போகாதபடி ரூட்-மேப்பில் டினை.

டேக் லூப்பைத் தடுக்கும், சுற்றுவழியைத் தடுக்காது. அதற்கு 'டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 180' என்று பலர் போடுவார்கள். ஓஎஸ்பிஎஃப் பக்கம் சொந்த எக்ஸ்டர்னல் ரூட் இருந்தால் இதே பிரச்சினை தலைகீழாக வரும். டேக்கைப் பார்த்து உள்ளே வரும்போதே தடுக்கிற டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் நல்லது, மாற்றுவழி ஒன்றை இழப்பீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

பைத்தான் எவ்வளவு வேண்டும்? – கொழும்பு வாசகர்

ஆட்டோமேஷனுக்கு 15 சதவீதம். லூப், டிக்‌ஷனரி, ஜேசன், நெட்கான்ஃப் (போர்ட் 830), ரெஸ்ட்கான்ஃப் போதும். பிறர் எழுதிய முப்பது வரியில் பிழை கண்டுபிடிக்கப் பழகுங்கள்.

டிசைன் பகுதியை விட்டுவிட்டு அடுத்த 5 மணி நேரத்தில் மார்க் எடுத்தால் தேறலாமா? – சிங்கப்பூர் வாசகர்

தேற முடியாது. மொத்த மதிப்பெண்ணும் வேண்டும், இரண்டு பகுதியிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சமும் வேண்டும். முதல் 3 மணி நேரத்தில் ரூட்டர் கையில் இருக்காது. மின்னஞ்சல், வரைபடம், வாடிக்கையாளர் நிபந்தனை எல்லாம் படித்து விடை தர வேண்டும், முந்தைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது. ஒவ்வொரு ஆவணத்திலும் 'கூடாது', 'கட்டாயம்' என்று வரும் வரிகளை முதலில் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த டிசைனுக்கு அங்கே மார்க் கிடையாது, அந்த வரிகளுக்குப் பொருந்துகிற டிசைனுக்குத்தான். இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் முதலில் ஷோ, அது சரியென்றால் உடனே 'ரைட் மெமரி'.